ஆயில் கூலர் உள்ள மோட்டார் சைக்கிளில் எண்ணெய் அளவைச் சரியாகப் பேணுதல்

(மோட்டார் சைக்கிள் பராமரிப்பு குறித்த சமூக உரையின் எழுத்து வடிவம்)



மோட்டார் சைக்கிள் பராமரிப்பில் எண்ணெய் அளவைப் பார்ப்பதே மிக எளிய பணி என்பது பொதுவான எண்ணம். குனிந்து ஒரு சிறு கண்ணாடியைப் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் ஊற்ற வேண்டும். அதோடு வேலை முடிந்தது என்று தோன்றும். ஆயினும் ஆயில் கூலர் பொருத்தப்பட்ட வண்டிகளில் இந்த எளிய பணியே எளிதில் பிழைபடுகிறது. குளிர்ந்த வண்டியைச் சாய்வாக நிறுத்திக் கண்ணாடியைப் பார்த்தவர், எண்ணெய் குறைந்துவிட்டதாக எண்ணி அரை லிட்டர் ஊற்றிவிடுகிறார். உண்மையில் எண்ணெய் குறையவே இல்லை. அவர் ஊற்றியது மிகையாகி, அடுத்த நெடுஞ்சாலைப் பயணத்தில் காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் புகுந்து, அங்கிருந்து வெளியே ஒழுகுகிறது. பின்சக்கரத்தில் அந்த எண்ணெய் படுமாயின் ஓட்டுநரின் உயிருக்கே இடர் நேரும்.

அளவுக் கண்ணாடி எண்ணெய் முழுவதையும் காட்டுவதில்லை. பார்க்கும் அந்நேரத்தில் எஞ்சினின் அடித்தொட்டியில் உள்ள எண்ணெயை மட்டுமே அது காட்டும். மீதி எண்ணெய் எங்கே இருக்கிறது என்பதை அறிந்து, கையேடு கூறும் நிலையில் வண்டியை நிறுத்திய பிறகே கண்ணாடி காட்டும் அளவை நம்பலாம். இவ்வுரையின் மையக் கருத்து இதுவே.

எண்ணெய் ஆற்றும் பணிகள்

ஊர்ப்புறங்களில் கட்டை வண்டியின் அச்சுக்கு வைக்கோற்கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மையாக இடுவது வழக்கமாக இருந்தது. அந்த மைக்கு ஒரே ஒரு பணிதான் உண்டு: உராய்வைக் குறைப்பது. மோட்டார் சைக்கிளின் எஞ்சின் எண்ணெய்க்கோ பணிகள் பல. உராயும் உலோகப் பரப்புகளுக்கு இடையே படலமாக நின்று அவற்றைக் காக்கிறது. எரிதலில் உண்டாகும் கரியையும் தேய்மானத் துகள்களையும் தன்னோடு எடுத்துச் சென்று ஆயில் ஃபில்டரில் சேர்க்கிறது. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் தட்டுகளும் கியர்ப் பற்சக்கரங்களும் அதே எண்ணெயில்தான் நனைந்து இயங்குகின்றன.

ஆயில் கூலர் உள்ள வண்டிகளில் எண்ணெய்க்கு மற்றுமொரு பெரும்பணி உண்டு. சூட்டைச் சுமந்து சென்று வெளியேற்றுவதே அது. நீரால் குளிர்விக்கப்படும் எஞ்சினில் அந்த வேலையின் பெரும்பகுதியை ரேடியேட்டர் நீர் செய்கிறது. காற்றாலும் எண்ணெயாலும் குளிர்விக்கப்படும் எஞ்சினில் அத்தகைய நீர் இல்லை. பம்ப் எண்ணெயை மேலே செலுத்துகிறது. எண்ணெய் சூட்டை வாங்கிக்கொள்கிறது. முன்சக்கரத்திற்குப் பின்னே காற்றுப்படும் இடத்தில் உள்ள கூலரின் மெல்லிய தகடுகளில் அந்தச் சூட்டை விட்டுவிட்டுத் தொட்டிக்குத் திரும்புகிறது. எனவே இவ்வகை எஞ்சினில் எண்ணெய் குறைந்தால் வழவழப்பும் குறையும், குளிர்ச்சியும் குறையும். ஒரே குறையால் இரு கேடுகள் விளைகின்றன.

ஆக்லாந்தில் ஓடும் சென்னை வண்டிகள்

இவ்வகை எஞ்சின் தமிழருக்கு அயலானதன்று. ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650 ஆகிய இரு வண்டிகளும் தமிழ்நாட்டில், சென்னையை அடுத்துள்ள தொழிற்சாலைகளில் உருவாகுபவை. 2017 நவம்பரில் மிலான் நகரக் கண்காட்சியில் அறிமுகமாகி, 2018இல் விற்பனைக்கு வந்தவை. 648 சி.சி. கொண்ட அவற்றின் இரட்டை உருளை எஞ்சின் காற்றாலும் எண்ணெயாலும் குளிர்விக்கப்படுகிறது. ஆயில் கூலர் முன்புறத்தில் வெளிப்படையாகத் தெரியும்.

நியூசிலாந்தில் லேர்னர், ரெஸ்ட்ரிக்டட் உரிமம் வைத்திருப்போர் ஓட்டக்கூடிய வண்டிகளை வரையறுக்கும் லாம்ஸ் திட்டம் 2012 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 660 சி.சி.க்கு மேற்படாமலும், திறன் டன்னுக்கு 150 கிலோவாட்டுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்பது அதன் பொதுவான வரம்பு. மேற்கண்ட 650 வண்டிகள் அந்த வரம்புக்குள் அடங்குவதால், முதன்முறையாக மோட்டார் சைக்கிள் வாங்கும் இளைஞர்களும் ஆயில் கூலர் உள்ள வண்டியை வாங்கும் வாய்ப்பு உள்ளது.

இது ஒரே நிறுவனத்தின் வழக்கமன்று. 1985இல் வந்த சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 750 எண்ணெயையே முதன்மைக் குளிர்விப்பானாகக் கொண்டு புகழ்பெற்றது. 1993 முதல் வந்த பிஎம்டபிள்யூ ஆர் 1100 வரிசையும், இந்தியச் சாலைகளில் நன்கு அறிமுகமான பஜாஜ் பல்சர் 220உம் ஆயில் கூலர் கொண்டவையே. இவற்றின் அமைப்புகள் வெவ்வேறு. அளக்கும் முறைகளும் வெவ்வேறு. ஒரு வண்டியில் பழகிய முறையை மற்றொரு வண்டியில் அப்படியே கையாளக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

ஒரே எண்ணெய் பல அளவுகளைக் காட்டுவது ஏன்

நான்கு காரணங்களால் ஒரே அளவு எண்ணெய் வெவ்வேறு அளவாகத் தோன்றும்.

முதலாவது, சூடு. சட்டியில் காய்ந்த எண்ணெய் நீர்த்துப் பரவுவதைச் சமையலறையில் காணலாம். எஞ்சின் எண்ணெயும் சூட்டில் நீர்ப்பதோடு கன அளவிலும் பெருகுகிறது. வெப்பம் 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் கன அளவு ஏறத்தாழ நூற்றுக்கு 0.7 பங்கு கூடும். 20 பாகையில் 3 லிட்டராக இருந்த எண்ணெய், 90 பாகையில் சுமார் 150 மில்லிலிட்டர் பெருகியிருக்கும்.

இரண்டாவது, எண்ணெய் தங்கும் இடம். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் உருளைத் தலைப்பகுதியிலும் குழாய்களிலும் கூலரிலும் பரவி நிற்கிறது. எஞ்சினை நிறுத்தியவுடன் அது முழுவதும் தொட்டிக்குத் திரும்பிவிடாது. சிறிது நேரம் பிடிக்கும். சில வண்டிகளில் கூலரில் உள்ள எண்ணெய் வடிந்துவிடும். வேறு சிலவற்றில் அங்கேயே தங்கிவிடும். இன்னும் சில வண்டிகளில் தெர்மோஸ்டாட் வால்வு ஒன்று உண்டு. எண்ணெய் போதிய சூடு அடையும் வரை அது கூலருக்குச் செல்லும் வழியை மூடியே வைத்திருக்கும்.

மூன்றாவது, வண்டியின் சாய்வு. சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டி இடப்புறம் சாய்ந்திருக்கும். சாய்த்து வைத்த குடத்தில் நீர் ஒருபக்கம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் நிற்பது போலவே எண்ணெயும் நிற்கும். ஆக்லாந்தின் வீட்டு முற்றங்களும் வண்டிப் பாதைகளும் பெரும்பாலும் சரிவானவை என்பதால், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினாலும் தரை சமமாக உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, எண்ணெயோடு கலந்த காற்று. இப்போதுதான் நின்ற எஞ்சினில் எண்ணெய் நுரைத்திருக்கும். நுரை அடங்கும் வரை அளவு தெளிவாகத் தெரியாது.

இவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால் சிக்கல் விளங்கும். கூலரும் அதன் குழாய்களும் 200 மில்லிலிட்டர் கொள்வதாக வைத்துக்கொள்ளலாம். வெப்பத்தால் ஏற்படும் 150 மில்லிலிட்டர் வேறுபாட்டையும் அதனுடன் கூட்டினால் 350 மில்லிலிட்டர் ஆகிறது. பல வண்டிகளில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடைப்பட்ட முழு அளவே அரை லிட்டர் அளவில்தான் இருக்கும். ஒரு சொட்டு எண்ணெயும் குறையாமலேயே, அளக்கும் நிலை மாறுவதால் மட்டும் கண்ணாடியில் தெரியும் அளவு ஒரு கோட்டின் அருகிலிருந்து மற்றொரு கோட்டின் பக்கம் நகர்ந்துவிடக்கூடும். ஒரே சாட்சியின் ஒரே சொல்லைக் கேட்டுத் தீர்ப்பு வழங்குவதற்கு இது ஒப்பாகும்.

பழைய புல்லட் கற்பித்த பாடம்

இந்தப் பாடம் புதியதன்று. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்த பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் எண்ணெய் தனி அறை ஒன்றில் இருந்தது. பம்ப் அங்கிருந்து எடுத்துச் செலுத்தி, மீண்டும் அங்கேயே கொண்டு சேர்த்தது. வண்டியைச் சில வாரங்கள் ஓட்டாமல் வைத்தால், அந்த அறையிலிருந்து எண்ணெய் மெல்லக் கசிந்து கிராங்க் பகுதிக்குள் இறங்கிவிடும். அப்போது அளவுக்கோலை எடுத்துப் பார்த்தால் எண்ணெய் மிகவும் குறைந்ததாகத் தோன்றும். விவரம் அறியாதவர் மேலும் ஊற்றுவார். வண்டி ஓடத் தொடங்கியதும் பம்ப் பழைய எண்ணெயை அறைக்குத் திருப்பும். மிகையானது மூச்சுக்குழாய் வழியே வெளியே கொட்டும்.

அனுபவம் மிக்க மெக்கானிக்குகள் அத்தகைய வண்டியைச் சிறிது ஓடவிட்ட பிறகே அளவுக்கோலைப் பார்ப்பர். அந்த எஞ்சினில் ஆயில் கூலர் இல்லை. ஆனால் எண்ணெய் அதற்குரிய இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகே அளக்க வேண்டும் என்னும் நெறி இரண்டுக்கும் ஒன்றே.

அளக்கும் முறை

வண்டியின் கையேடு கூறும் முறையே இறுதியானது. சூடான நிலையில் அளக்கச் சொல்லும் வண்டிகளுக்குக் கீழ்க்கண்ட ஒழுங்கு பொதுவாகப் பொருந்தும்.

1. வண்டியை 10 முதல் 15 நிமிடம் வரை வழக்கமான வேகத்தில் ஓட்டி, எண்ணெய் நன்கு சூடேறச் செய்ய வேண்டும். நின்ற இடத்திலேயே நெடுநேரம் எஞ்சினை ஓடவிடுவது நல்லதன்று. கூலர் வழியே காற்று பாயாததால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஒருபோதும் இயக்கக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. அது உயிரைப் பறிக்கும்.

2. சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டியைக் கையேடு கூறும் வண்ணம் ஒருவர் நிமிர்த்திப் பிடிக்க, மற்றொருவர் பார்க்க வேண்டும். தனியொருவராக ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு குனிவது இடர் தரும்.

3. எஞ்சினை நிறுத்திய பின் கையேட்டில் சொல்லப்பட்ட நேரம் வரை காத்திருக்க வேண்டும். சில வண்டிகளுக்கு இரண்டு மூன்று நிமிடம்; சிலவற்றுக்கு அதனினும் கூடுதல்.

4. கண்ணாடிக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் அளவு பிழைபடும். கண்ணாடியின் வெளிப்புற அழுக்கை முதலில் துடைத்துவிட வேண்டும். அளவுக்கோல் உள்ள வண்டியாயின், கோலைத் துடைத்துவிட்டு மீண்டும் உள்ளே வைத்துப் பார்க்க வேண்டும். அவ்வாறு வைக்கும்போது மூடியைத் திருகி இறுக்க வேண்டுமா, வெறுமனே அமர்த்த வேண்டுமா என்பது வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டைப் பார்த்துச் செய்ய வேண்டும்.

5. அளவு இரு கோடுகளுக்கும் இடையே இருந்தால் எதுவும் ஊற்ற வேண்டியதில்லை. மேல்கோட்டைத் தொடச் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தால் 100 மில்லிலிட்டர் மட்டும் ஊற்றி, எஞ்சினைச் சற்று ஓடவிட்டு, மீண்டும் நிறுத்திக் காத்திருந்து பார்க்க வேண்டும். ஊற்றுவது எளிது, மிகையானதை எடுப்பது கடினம்.

6. தேதி, ஓடிய கிலோமீட்டர், கண்ட அளவு, ஊற்றிய அளவு ஆகிய நான்கையும் ஒரு சிறு ஏட்டில் குறித்து வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே முறையில் அளந்தால்தான் அக்குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்க இயலும்.

எண்ணெய் மாற்றும்போது நேரும் பிழை

கையேட்டில் எண்ணெய்க் கொள்ளளவு பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று எண்களாக இருக்கும். எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தபின் ஊற்றும் முழு அளவு ஒன்று. எண்ணெயோடு ஃபில்டரையும் மாற்றும்போது ஊற்றும் அளவு மற்றொன்று. எண்ணெயை மட்டும் மாற்றும் அளவு வேறொன்று. தொட்டியின் வடிகால் திருகைக் கழற்றினாலும் கூலரிலும் உட்குழாய்களிலும் பழைய எண்ணெய் கொஞ்சம் தங்கியே இருக்கும். இதை அறியாமல் முழு அளவை ஊற்றினால், தங்கியிருந்த அளவுக்கு எண்ணெய் மிகையாகிவிடும். சற்றுக் குறைவாக ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஃபில்டரும் கூலரும் நிரம்பியபின் அளந்து, வேண்டிய அளவை மட்டும் சேர்ப்பதே முறை.

எண்ணெயின் வகையும் முக்கியம். 10டபிள்யூ-50 போன்ற குறியீட்டில் முதல் எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், இரண்டாம் எண் சூட்டில் எவ்வளவு தடிப்புடன் நிற்கும் என்பதையும் காட்டுகின்றன. கிளட்ச் எண்ணெயில் நனைந்து இயங்கும் வண்டிகளுக்கு ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 தரக் குறியீடு உள்ள எண்ணெயைக் கையேடுகள் பரிந்துரைக்கும். வீட்டில் காருக்கு வாங்கி மிஞ்சிய எண்ணெயில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் இருக்கலாம். அவற்றால் கிளட்ச் நழுவக்கூடும்.

குறைந்தாலும் மிகுந்தாலும் கேடு

எண்ணெய் குறைந்தால் முதலில் கெடுவது பம்ப் உறிஞ்சும் ஓட்டம். செங்குத்தான ஏற்றத்திலும், கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போதும் எண்ணெய் தொட்டியின் ஒரு பக்கம் ஒதுங்கும். பம்ப் காற்றை உறிஞ்சும். அக்கணத்தில் பேரிங்குகளில் உள்ள எண்ணெய்ப் படலம் அறுந்து, உலோகம் உலோகத்தை உரசும். வைட்டாக்கரே மலைத்தொடரின் வளைவுகளிலும் பிஹாவுக்கு இறங்கும் சரிவிலும் வண்டி ஓட்டுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். எஞ்சின் இறுகிப்போனால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சாய நேரிடும்.

சிவப்பு எண்ணெய் விளக்கை நம்பி இருப்பது போதாது. பெரும்பாலான வண்டிகளில் அந்த விளக்கு அழுத்தத்தைக் காட்டுவது, அளவைக் காட்டுவதன்று. அது ஓட்டத்தில் எரியும்போது கேடு தொடங்கிவிட்டதாகவே கொள்ள வேண்டும். அப்போது வண்டியைப் பாதுகாப்பாக ஓரங்கட்டி, எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். வீடு அருகில்தான் என்று ஓட்டிச் செல்லக் கூடாது.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்னும் முதுமொழி எண்ணெய்க்கும் பொருந்தும். மிகையான எண்ணெயில் சுழலும் பாகங்கள் தோய்ந்து அதைக் கடையும். தயிரைக் கடையும்போது நுரை திரள்வது போல எண்ணெயில் காற்று கலக்கும். நுரைத்த எண்ணெய் படலமாக நிற்காது. சூட்டையும் நன்றாகச் சுமக்காது. எஞ்சினுக்குள் அழுத்தம் கூடி, மூச்சுக்குழாய் வழியே எண்ணெய் காற்று வடிகட்டிப் பெட்டிக்குச் செல்லும். வெண்ணீலப் புகை, திறன் குறைவு, சீல் கசிவு ஆகியவை தொடரும். கோட்டைத் தாண்டி எண்ணெய் நிற்பதைக் கண்டால், ஓட்டிச் சரிசெய்துகொள்ளலாம் என்று எண்ணாமல் மிகையை முதலில் வெளியேற்ற வேண்டும்.

எண்ணெய் சொல்லும் செய்தி

ஏட்டுக் குறிப்புகளில் எண்ணெய் தொடர்ந்து குறைந்துவந்தால், அது கசிகிறது அல்லது எரிகிறது என்று பொருள். கூலரின் தகடுகள், குழாய் இணைப்புகள், வடிகால் திருகு, ஃபில்டரின் விளிம்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கூலர் முன்சக்கரத்திற்குப் பின்னே இருப்பதால் சரளைக் கற்கள் தெறித்து அதில் படும். மென்மையான தூரிகையாலும் நீராலும் அதைக் கழுவலாம். உயர் அழுத்த நீரைப் பாய்ச்சினால் தகடுகள் வளையும்.

எண்ணெய் ஊற்றாமலேயே அளவு உயர்ந்துவந்தால் அதைப் பேறாகக் கருதக் கூடாது. பெட்ரோல் கலந்திருக்கலாம், அளவுக்கோலை முகர்ந்தால் தெரியும். கண்ணாடியில் பால்போன்ற வெண்படலம் தெரிந்தால் நீர் கலந்திருக்கிறது. நீர்க்குளிர்ச்சி இல்லாத வண்டியில் அது பெரும்பாலும் காற்றின் ஈரப்பதமே. குளிர்கால ஆக்லாந்தில், ஐந்து நிமிடத் தொலைவில் உள்ள பணியிடத்துக்கு மட்டும் சென்றுவரும் வண்டியில் எண்ணெய் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. உள்ளே படிந்த நீர் ஆவியாவதில்லை. வாரம் ஒருமுறையாவது அரைமணி நேரம் ஓட்டினால் அந்நீர் நீங்கும். அதன் பின்னும் வெண்மை மாறாவிட்டால் எண்ணெயை மாற்றி, மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

வாரண்ட் சான்றும் வாங்குவோர் உரிமையும்

வாரண்ட் ஆஃப் ஃபிட்னஸ் சான்று பெற்ற வண்டியில் எண்ணெயும் சரியாகவே இருக்கும் என்று பலர் கருதக்கூடும். அது பிழையான எண்ணம். அச்சோதனை பிரேக், டயர், விளக்கு முதலிய பாதுகாப்பு உறுப்புகளுக்கானது. எஞ்சினின் நிலையும் மசகெண்ணெயின் அளவும் தன்மையும் அதில் அடங்கா. எண்ணெய்ப் பொறுப்பு முழுவதும் உரிமையாளருடையதே.

பழைய வண்டி வாங்குவோர், சூடான நிலையிலும் ஒருமுறை அளவைப் பார்த்து, பராமரிப்புக் குறிப்புகளையும் கேட்டுப் பெற வேண்டும். வணிகரிடம் சொந்தப் பயன்பாட்டுக்காக வாங்கிய வண்டிக்கு 1993ஆம் ஆண்டின் நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் பொருந்தும். பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாக இருத்தல் வேண்டும் என்பது அச்சட்டம் தரும் உத்தரவாதங்களுள் ஒன்று. அதே சட்டம், வாங்கியவர் முறையற்றுப் பயன்படுத்தியதால் வந்த கேட்டுக்கு வணிகரைப் பொறுப்பாக்குவதில்லை. எஞ்சின் பழுதுக்குக் காரணம் உற்பத்திக் குறையா, உரிமையாளரின் கவனக்குறைவா என்ற கேள்வி எழும்போது, தேதியிட்டு எழுதிய அந்தச் சிறு ஏடும் எண்ணெய் வாங்கிய ரசீதுகளும் அவருக்குத் துணை நிற்கும் சான்றுகளாகும்.

வணிகருடன் உடன்பாடு எட்டாவிடில் மோட்டார் வாகனத் தகராறு தீர்ப்பாயத்தை அணுகலாம். தனியாரிடம் வாங்கிய வண்டிக்கு நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் பொருந்தாது. விற்றவர் உண்மைக்கு மாறாகக் கூறியிருந்தால் வேறு சட்ட வழிகள் உண்டு. சிட்டிசன்ஸ் அட்வைஸ் பியூரோ இவ்விவரங்களைக் கட்டணமின்றி விளக்கும். தொலைபேசி எண்: 0800 367 222.

பயன்படுத்திய எண்ணெயை அகற்றுதல்

வீட்டிலேயே எண்ணெய் மாற்றுவோருக்கு ஒரு கடமை எஞ்சியுள்ளது. ஆக்லாந்தின் பெரும்பாலான பகுதிகளில் சாலையோர மழைநீர் வடிகாலில் விழுவது சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்வதில்லை. ஓடைகள் வழியே நேராகக் கடலை அடைகிறது. மவுண்ட் ராஸ்கில் வட்டாரத்தின் ஊடாக ஓடும் தே ஆவுவாங்கா ஓடை வைட்டமாட்டா துறைமுகத்தில் கலக்கிறது. வண்டிப் பாதையில் சிந்திய எண்ணெயை நீரூற்றிக் கழுவினால், அது மீனும் பறவையும் வாழும் நீரில்தான் போய்ச் சேரும்.

சிந்திய எண்ணெயின்மீது மணலோ மரத்தூளோ பூனை மணலோ தூவி, ஊறிய பின் கூட்டி அள்ள வேண்டும். பழைய எண்ணெயை மூடியுள்ள, கசியாத கலத்தில் ஊற்றிப் பெயரெழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். குடிநீர்ப் புட்டிகளில் ஊற்றி வைக்கக் கூடாது. பெட்ரோல், பிரேக் திரவம் முதலியவற்றோடு அதைக் கலந்துவிட்டால் மறுசுழற்சிக்குப் பயன்படாது. வீட்டுக் குப்பைத் தொட்டியிலும் மறுசுழற்சித் தொட்டியிலும் எண்ணெயைப் போடக் கூடாது. அருகில் எந்த நிலையத்தில் ஏற்றுக்கொள்வர் என்பதை ஆக்லாந்து மாநகர மன்றத்தின் 09 301 0101 என்ற எண்ணில் கேட்டறியலாம். எண்ணெய் வடிகாலிலோ ஓடையிலோ கலந்துவிட்டதைக் கண்டால், இரவு பகல் எந்நேரமும் 09 377 3107 என்ற மாசு அறிவிப்பு எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். விரைந்து தெரிவித்தால் பரவுவதைத் தடுக்க இயலும்.

நிறைவாக

வண்டியைச் சூடேற்றுதல், சமதரையில் நிமிர்த்தி நிறுத்துதல், காத்திருத்தல், நேராகப் பார்த்தல், தேவையானால் சிறிதளவே ஊற்றுதல், குறித்து வைத்தல் ஆகிய ஆறும் சேர்ந்தால் கால் மணி நேரப் பயணத்துக்குப் பின் சில நிமிட வேலைதான். பயணம் முடிந்து வீடு திரும்பும் நேரமே இதற்கு ஏற்ற நேரம். எண்ணெய் ஏற்கெனவே சூடாக இருக்கும். மாதம் இருமுறையும், நெடும்பயணத்துக்கு முந்திய நாளிலும் இதைச் செய்து வருவோர் தேவையற்ற செலவையும் தவிர்ப்பர். சாலையில் இடரையும் தவிர்ப்பர். கையேடு தொலைந்துவிட்டவர்கள் தயாரிப்பு நிறுவனத்தின் முகவரிடம் கேட்டு அதன் படியைப் பெற்றுக்கொண்ட பின்னரே அளக்கத் தொடங்குதல் நலம்.